சீனப் பெருஞ்சுவர்: செத்தவர்கள் கணக்கையும் பிழைத்தவர்கள் கணக்கையும் ஒரே தாளில் போட முடியுமா?

இடவலம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திட்ட மதிப்பீடுதான் என் தொழில். அணையோ, நெடுஞ்சாலையோ, துறைமுகமோ, எது வந்தாலும் இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் பயன் என்று எழுதிப் பார்த்தே பழகிவிட்டது. சமீபத்தில் அலுவலக வேலையாக பெய்ஜிங் போயிருந்தேன். ஒரு நாள் ஓய்வு கிடைத்ததில் முதியான்யூ பகுதிக்குப் போய்ப் பெருஞ்சுவர் மேல் நடந்தேன். கூட வந்த வழிகாட்டி, "உலகத்திலேயே நீளமான கல்லறை மேல நிக்கிறீங்க, அடிக்கு ஒரு உயிர் போயிருக்கு" என்றார். எங்கள் குழுவில் வந்த இன்னொருவர் விடவில்லை. "இது இல்லைன்னா அதைவிடப் பல மடங்கு பேர் செத்திருப்பாங்க" என்று பதில் சொன்னார். இரண்டு பேரும் அடித்துச் சொன்னார்கள். இரண்டு பேர் கையிலும் எண் எதுவும் இல்லை.

அன்றிலிருந்து இது என் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. இணையத்தில் தேடினால் 4 லட்சம் பேர் செத்தார்கள், 10 லட்சம் பேர் செத்தார்கள் என்று வருகிறது. எங்கிருந்து எடுத்தார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. சுவர் உண்மையிலேயே படையெடுப்பைத் தடுத்ததா? தடுத்தது என்றால் யாருக்கு லாபம்? சுவருக்குள் பிணங்களை வைத்துக் கட்டினார்கள் என்கிறார்களே, அது உண்மையா? இதற்கு ஒரு மதிப்பீட்டுத் தாள் போடச் சொன்னால் நீங்கள் எங்கிருந்து தொடங்குவீர்கள்?

---

கல்தச்சன் பதில்:

பிணம் பற்றிய கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். மற்றதை வரலாறு படித்தவர்கள் சொல்லட்டும்.

சுவருக்குள் ஆட்களைப் புதைத்துக் கட்டியதற்கு அகழாய்வில் சான்று எதுவும் கிடைக்கவில்லை. கட்டுமானமும் அதற்கு இடம் தராது. பழைய சுவர்களில் பெரும்பகுதி திமிசு போட்டு இடித்து இறுக்கிய மண். பலகை அடைத்து, ஒரு சாண் உயரம்கூட இல்லாத அளவு மண்ணைக் கொட்டி, இடித்து இறுக்கி, அதன் மேல் அடுத்த அடுக்கு. நடுவில் ஒரு உடல் இருந்தால் அது மட்கியதும் உள்ளே குழி விழும், மழைநீர் இறங்கும், அந்த இடத்தில் சுவர் உட்காரும். வேலையை மேற்பார்த்த எந்த அதிகாரியும் இதை அனுமதித்திருக்க மாட்டான்.

நீங்கள் முதியான்யூவில் மிதித்தது அந்த மண் சுவரும் அல்ல. அது மிங் வம்சக் காலத்துக் (1368–1644) கல்லும் செங்கல்லும். அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சாந்தில் பசையரிசிக் கஞ்சி கலந்திருப்பதை 2010இல் வெளியான வேதியியல் ஆய்வு உறுதிப்படுத்தியது. அரிசியிலுள்ள மாவுச்சத்து சுண்ணாம்புப் படிகங்களை நுண்மையாகவும் நெருக்கமாகவும் உருவாக வைக்கிறது. அதனால் சாந்து இறுகி, தண்ணீரையும் தாங்குகிறது. செலவுப் பத்தியில் அந்த அரிசியையும் எழுதிக்கொள்ளுங்கள். அது யாரோ சாப்பிட்டிருக்க வேண்டிய சோறு.

---

நீள்நடை பதில்:

இடவலம் சார், என் கணவர் வேலை காரணமாகப் பல வருடம் பெய்ஜிங்கில் இருந்தோம். அப்போது பெய்ஜிங்குக்கு வடகிழக்கே குபெய்கௌ, ஜின்ஷான்லிங் பக்கம் சுவரோடு சுவராக நிறைய நடந்திருக்கிறேன். நடக்க நடக்கத்தான் படிக்கவும் ஆரம்பித்தேன். இந்த விஷயம் எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமானது. பதில் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் தாளின் தலைப்பை மாற்றுங்கள். "பெருஞ்சுவர்" என்று ஒரு திட்டம் கிடையாது. 2012இல் சீன அரசு வெளியிட்ட அளவீட்டின்படி எல்லாக் காலத்துச் சுவர்களும் அகழிகளும் சேர்ந்து 21,196 கிலோமீட்டர். 2,000 ஆண்டுகளுக்கு மேலாக, ஒருவரையொருவர் அறியாத அரசுகள் வேறு வேறு எதிரிக்காக, வேறு வேறு இடத்தில் கட்டியவை. சின் வம்சத் தளபதி மெங் தியான் கட்டியதற்கும் நீங்கள் மிதித்த செங்கல்லுக்கும் இடையே ஏறக்குறைய 1,800 ஆண்டு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கூட்டுத்தொகை போட்டால் வழிகாட்டியும் சரி, உங்கள் நண்பரும் சரி, இருவரும் தவறு. தனித்தனியாக எடுத்தால்தான் எது கொலை, எது காவல் என்று தெரியும்.

முதலில் சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் காலத்துச் சுவர். மெங் தியானோடு 3 லட்சம் பேரை அனுப்பியதாக ஹான் வம்ச வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதுகிறார். மேற்கே லின்தாவிலிருந்து கிழக்கே லியாவ்தொங் வரை 10,000 லிக்கு மேல் நீளம் என்கிறார் (ஒரு லி ஏறக்குறைய அரை கிலோமீட்டர்). எத்தனை பேர் செத்தார்கள் என்று அவர் எழுதவில்லை. இணையத்தில் சுற்றும் 4 லட்சமும் 10 லட்சமும் பின்னால் வந்தவர்கள் ஒட்டிய எண்கள். ஆனால் எண்ணைவிட முக்கியமான ஒன்றை சிமா சியான் செய்தார். மெங் தியான் கட்டிய எல்லைக் கோட்டைகளை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். போர் முடிந்து காயம்கூட ஆறாத மக்கள், முதியோரையும் அநாதைகளையும் பேண வேண்டிய நேரம், பெயர்பெற்ற தளபதியாக இருந்தும் அரசனிடம் இதை எடுத்துச் சொல்லாமல் அவன் ஆசைக்குத் துணைபோனார், அதனால் மெங் தியானுக்கு வந்த சாவு நியாயமானதே என்று எழுதினார். பேரரசர் ஒருவரின் அவையில் வேலை பார்த்த மனிதர், 2,000 ஆண்டுக்கு முன்பே, உங்கள் இடப்பக்கப் பத்தியை எழுதிவைத்துவிட்டார்.

அடுத்தது சுய் வம்சம். கி.பி. 607இல் பேரரசர் யாங்தி 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களைத் திரட்டி யூலினுக்குக் கிழக்கே சுவர் எழுப்பினார். வேலை சில வாரம்கூட நீடிக்கவில்லை. பத்துக்கு ஐந்தாறு பேர் செத்தார்கள் என்கிறது அந்த வம்சத்தின் வரலாறு. அடுத்த வம்சத்தில் எழுதப்பட்ட நூல் என்பதால் யாங்தியைக் கறுப்பாகக் காட்டும் ஆசை அதில் இருக்கும். பாதியைத் தள்ளுங்கள், மீதியும் தாங்காது. பயன் என்ன? 615இல் துருக்கியக் கான் ஷிபி, யான்மென்னில் இதே பேரரசரையே முற்றுகையிட்டான். எட்டு வருடத்தில்! 618இல் வம்சமே போய்விட்டது. இந்த ஒரு சுவருக்கு வலப்பக்கத்தில் எழுத எனக்கு எதுவுமே கிடைக்கவில்லை.

இப்போது உங்களுக்குப் பிடிக்கும் ஆள் ஒருவரைச் சொல்கிறேன். யூ சிஜுன். மிங் அதிகாரி. 1470களில் மஞ்சள் ஆற்றின் ஆர்டோஸ் வளைவுக்குத் தெற்கே மங்கோலியர்கள் வந்து வந்து போனார்கள். யூ சிஜுன் சுவர் கட்ட அனுமதி கேட்டார். போர் அமைச்சர் பாய் குய், ஷான்சி மாகாண மக்கள் ஏற்கெனவே நொந்து கிடக்கிறார்கள், இப்போது வேண்டாம் என்று தள்ளிவைத்தார். அந்த வரியைப் படித்தபோது எனக்கு மனசு நிறைந்தது. மக்களின் களைப்பு ஒரு காரணமாகக் கோப்பில் ஏறியிருக்கிறது! யூ சிஜுன் விடாமல் திரும்ப எழுதினார். அவர் வாதம் உங்கள் தொழில்காரர்கள் வாதமேதான். எல்லையில் நிற்கும் 80,000 படைக்கும் குதிரைகளுக்கும் தானியமும் தீவனமும் சுமப்பவர்கள் அதே மக்கள்தானே, சுவர் கட்டினால் அந்தப் பாரம் குறையும் என்றார். 1474இல் கட்டினார்கள். 40,000 படைவீரர்கள், மூன்று மாதத்துக்குள், 1,770 லி. உள்பக்கம் காப்பாற்றிய நிலத்தை உழவுக்குப் பிரித்துக் கொடுத்ததில் ஆண்டுக்கு 60,000 ஷி (தானிய அளவை) தானியத்துக்கு மேல் வந்தது. 1482இல் உள்ளே புகுந்த மங்கோலியப் படை சுவருக்கும் அகழிக்கும் இடையே சிக்கி, வெளியேற வழியில்லாமல் அடிபட்டது. அந்த ஊர்க்காரர்கள் அதன் பிறகு யூ சிஜுன் அருமையை இன்னும் அதிகமாகப் பேசினார்கள் என்று பதிவு இருக்கிறது. அங்கே ஒரு தினை வயல்காரரிடம் போய் "இந்தச் சுவர் வெறும் கொடுங்கோன்மை" என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் சுவர் வெளியே மட்டும் பார்த்து நிற்கவில்லை. இதை யாரும் சுற்றுலாவில் சொல்வதில்லை. கி.மு. 33இல், வடக்குப் புல்வெளி நாடோடிகளான சியோங்னுக்களின் அரசர் ஹுஹான்யே ஹான் பேரரசரிடம், "நானே எல்லையைக் காக்கிறேன், உங்கள் காவல்படையை எடுத்துவிடுங்கள், உங்கள் மக்களுக்கும் ஓய்வு கிடைக்கும்" என்று கேட்டார். எல்லை விவகாரம் தெரிந்த ஹோ யிங் என்ற அதிகாரி, எடுக்கக் கூடாது என்று பத்துக் காரணம் அடுக்கினார். சில காரணங்கள் எதிரியைப் பற்றியவை. சில உள்ளூர்க்காரர்களைப் பற்றியவை. எல்லையோரத்து வீடுகளில் வேலை செய்யும் அடிமைகள் துயரம் தாங்காமல் "அந்தப் பக்கம் வாழ்க்கை சுகமாம்" என்று ஓடிப்போகப் பார்க்கிறார்கள். போரில் போய்த் திரும்பாத வீரர்களின் பிள்ளைகள் வறுமையில் கிடக்கிறார்கள், உறவு தேடி அங்கே போய்விடுவார்கள். குற்றம் செய்தவர்கள் வடக்கே தப்பினால் பிடிக்க முடியாது. பேரரசர் ஹோ யிங் பேச்சைக் கேட்டார், காவல் நீடித்தது. இந்த மக்களை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள் சார்? அரசுக்கு அது பயன். ஓட நினைத்த அந்த அடிமைப் பெண்ணுக்கு அது செலவு.

செலவு என்றால் சாவு மட்டும் அல்ல என்பதற்கு இன்னொன்று. எட்ஸின் ஆற்றுப் பக்கத்துப் பாலைவனத்தில், ஜுயான் என்ற இடத்தில், ஹான் காலக் காவல்கோபுரங்களின் மரச்சீட்டுகள் 1930இல் 10,000 அளவுக்கும், 1970களில் 20,000 அளவுக்கும் கிடைத்தன. அலுவலகக் காகிதங்கள்தான், மரத்தில் எழுதியவை. மாதப்படி தானியம், பழுதான வில், யார் எந்தக் கோபுரத்தில். உடம்பு சரியில்லாதவர் பட்டியலில் "தலைவலி, குளிரும் காய்ச்சலும்", "தலைவலி, கைகால் தூக்க முடியவில்லை" என்று திரும்பத் திரும்ப வருகிறது. சுவருக்குப் பக்கத்தில் ஒரு பட்டை மணலைத் தினமும் சமன்படுத்தி வைப்பார்கள். இரவில் யாராவது கடந்தால் காலையில் அடிச்சுவடு தெரியும். தூரத்து ஊரிலிருந்து வந்த ஒரு உழவன் தன் முறை முடியும்வரை அந்த மணலைத் தடவிக்கொண்டிருந்தான். வீட்டில் அவன் நிலத்தை யார் உழுதார்கள் என்று எந்தச் சீட்டிலும் இல்லை.

கடைசியாக 1571. இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சான்று. அதற்கு முன் பல வருடம் மங்கோலியத் தலைவர் ஆல்தான் கான் கேட்டது வணிகம். குதிரை தருகிறோம், தானியமும் துணியும் பானையும் கொடுங்கள் என்று தூதர்களை அனுப்பினார். 1542இல் வந்த தூதரை மிங் அதிகாரிகள் கொன்றார்கள். 1550இல் அவர் குபெய்கௌ வழியாக உள்ளே வந்து பெய்ஜிங் புறநகர்களைக் கொளுத்தினார். ஜியாஜிங் பேரரசர் அப்போதும் மசியவில்லை, மேலும் சுவர் கட்டினார்கள். அடுத்த பேரரசர் காலத்தில், 1571இல், வாங் சோங்கு என்ற எல்லைத் தளபதி முயற்சியில் சமாதானம் ஆயிற்று. ஆல்தானுக்குப் பட்டம், எல்லையில் சந்தை. அதன் பிறகு ஏழு எல்லை மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான லி நீளத்துக்குப் போர் நின்றது, எல்லைச் செலவு பத்தில் ஏழு பங்கு மிச்சமானது என்று வாங் சோங்குவின் வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது.

அப்படியென்றால் 1542க்கும் 1571க்கும் நடுவே கட்டிய சுவர்களுக்காக உழைத்தவர்கள், அந்தத் தாக்குதல்களில் வெட்டுப்பட்டவர்கள், இரண்டு பக்கத்திலும், யார் கணக்கில் வருவார்கள்? ஒரு சந்தையைத் திறக்க மறுத்தவர்கள் கணக்கில் எழுதுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

---

பாசறை பதில்:

நீள்நடை அம்மா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ராணுவத்தில் எல்லைக் காவலில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் கடைசிப் பகுதியோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சந்தை திறந்ததும் சமாதானம் வந்தது என்பது உண்மை. ஆனால் பலவீனமான எல்லையில் போட்ட ஒப்பந்தம் எத்தனை நாள் நிற்கும்? 1571க்கு மூன்று வருடம் முன்பே தளபதி ச்சி ஜிகுவாங்கை பெய்ஜிங்குக்கு வடகிழக்கே ஜிஜோ எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்தான் உள்ளே ஆள் தங்கும் கோபுரங்களைக் கட்டினார், 1,000க்கும் மேல். அதுவரை வீரர்கள் வெயிலிலும் பனியிலும் திறந்த சுவர் மேல் நின்றார்கள், ஆயுதமும் வெடிமருந்தும் தூரத்தில் இருந்தன. கோபுரம் வந்ததும் முப்பது ஐம்பது பேர் உணவோடும் வெடிமருந்தோடும் உள்ளேயே இருக்கலாம். அதைக் கட்டியதால் காப்பாற்றப்பட்ட முதல் உயிர் அந்த வீரனுடையது. நின்று பார்த்தவனுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். ஆல்தானோடு சமாதானம் ஆன பிறகும் கிழக்கு மங்கோலியர்கள் அதில் சேரவில்லை. ஜிஜோவுக்கு வெளியே ஆபத்து அப்படியே இருந்தது.

1629இல் வடகிழக்கு மஞ்சூக்கள் மங்கோலிய நிலம் வழியாகச் சுற்றி வந்து உள்ளே புகுந்தார்கள், 1644இல் மிங் தளபதி ஊ சாங்குய் அவர்களுக்கு ஷான்ஹாய் கணவாயைத் திறந்துவிட்டார், அதனால் சுவர் வீண் என்று எழுதுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. சுவர் தானாகச் சண்டை போடாது. எதிரியின் வேகத்தைக் குறைக்கும், புகை எழுப்ப நேரம் கொடுக்கும், கொள்ளையடித்த மாட்டோடு திரும்பிப் போவதைக் கடினமாக்கும். அதற்கு மேல் அதனிடம் கேட்டது அரசியல்வாதிகளின் தவறு.

---

இடவலம் பதில்:

மூவருக்கும் நன்றி. நீள்நடை அம்மா, ஒரே ஒரு கேள்வி. என் மேசைக்கு வருவதுபோல் இந்தக் கோப்புகள் உங்கள் மேசைக்கு வந்திருந்தால் எதில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்?

---

நீள்நடை பதில்:

பாசறை ஐயா சொன்னதில் கோபுரத்தைப் பற்றிய பகுதியை முழுமனதோடு ஏற்கிறேன். ஜின்ஷான்லிங்கில் சில செங்கற்களில் "வான்லி 6ஆம் ஆண்டு" (வான்லி பேரரசரின் ஆட்சியாண்டு) என்றும், செய்த படைப்பிரிவின் பெயரும் அச்சாகியிருக்கும். அது 1578. அதாவது, ஆல்தானோடு சமாதானம் ஆகி ஏழு வருடம் கழித்தும் அங்கே கட்டிக்கொண்டிருந்தார்கள், கிழக்கே ஆபத்து தீராததால். அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். ஓரம் இன்னும் கூர்மையாக இருக்கிறது. சந்தையும் கோபுரமும் ஒன்றோடொன்று சண்டை போடவில்லை, சேர்ந்தே வேலை செய்தன. என் வழக்கு அதற்கு முந்தைய முப்பது வருடத்தின் மீது. அப்போது சுவர் கட்டுவது, பேசாமல் இருப்பதற்கு ஒரு வழியாக ஆகிவிட்டது.

ஆனால் வீரனுக்கு எப்போதும் சுவர் நல்லதே என்று நான் ஏற்க மாட்டேன் ஐயா. 1524இல் தாதொங் நகருக்கு வடக்கே ஐந்து புதிய கோட்டைகள் கட்டி, வீரர்களைக் குடும்பத்தோடு அங்கே குடிபோகச் சொன்னார்கள். திறந்த வெளியில் சாவதற்கு எங்களை அனுப்புகிறீர்களா என்று அவர்கள் கிளர்ந்தெழுந்து, மாகாண அதிகாரியையே கொன்றார்கள். கோட்டை அதேதான். உள்ளே இருக்கப்போகிறவனைக் கேட்டார்களா என்பதில்தான் வேறுபாடு.

இடவலம் சார், கையெழுத்து என்றால்: யூ சிஜுன் கோப்பில் போடுவேன், பாய் குய் தள்ளிவைத்ததுபோல் ஒரு அறுவடைக்காவது காத்திருந்து. ச்சி ஜிகுவாங் கோபுரங்களுக்குப் போடுவேன். யாங்தியின் கோப்பைத் திருப்பி அனுப்புவேன், என் தலை போனாலும். மெங் தியான் கோப்பிலும் போட மாட்டேன். சியோங்னு ஆபத்து உண்மைதான், ஆனால் அந்த மக்களுக்குப் பத்து வருடமாவது மூச்சு விட இடம் கொடுத்திருக்க வேண்டும். 1542இல் வந்த தூதரை உட்கார வைத்துப் பேசியிருப்பேன். ஹோ யிங் கோப்புதான் என்னைத் தூங்க விடாது. அவருடைய பத்துக் காரணங்களில் பாதிக்கு மேல் எனக்கே சரியாகப் படுகிறது. அடிமைகளைப் பற்றிய அந்தக் காரணத்தை மட்டும் அடித்துவிட்டு மீதிக்குக் கையெழுத்துப் போட முடியுமா என்றால், சுவர் ஒன்றுதான், அதில் பாதியை எடுக்க முடியாது. அதனால் அந்த வரியைத் தனிப் பத்தியாக எழுதி, "இதைச் சுமப்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை" என்று மேலே குறித்து வைப்பேன்.

நீங்கள் உண்மையிலேயே தாள் போடுவதாக இருந்தால் 1474இலிருந்து ஆரம்பியுங்கள். ஆள், நாள், நீளம், பின்னால் கிடைத்த விளைச்சல், நான்கும் கையில் இருக்கின்றன. வடக்குப் பக்கத்துக்கும் ஒரு பத்தி விடுங்கள். இலையுதிர்காலத்தில் மிங் படைகள் எல்லைக்கு வெளியே புல்வெளிகளைக் கொளுத்திவிட்டு வருவது வழக்கம். அந்தப் புல்லை நம்பி மாடு வளர்த்தவர்களை அதில் எழுத வேண்டியிருக்கும். போட்டு முடித்ததும் இங்கேயே பதியுங்கள், நானும் கல்தச்சன் சாரும் சரிபார்த்துத் தருகிறோம்.